நாவலின் முதற்காட்சி

நூலகத்தில் ஒரு நாவலை எடுத்துப் புரட்டுகிறவரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். அட்டையைப் பார்க்கிறார், ஆசிரியர் பெயரைப் பார்க்கிறார், பிறகு முதல் அத்தியாயத்தைத் திறந்து, நின்றபடியே ஒரு பக்கம் இரண்டு பக்கம் படிக்கிறார். அதற்குள் தீர்ப்பு ஆகிவிடுகிறது. புத்தகம் அலமாரிக்குத் திரும்பிப் போகிறது. அல்லது அவர் உட்காருவதற்கு ஒரு நாற்காலியைத் தேடுகிறார். நாடகத்துக்கு வந்தவர் சீட்டுக்குக் கொடுத்த காசை எண்ணியாவது இரண்டாம் காட்சி வரையில் பொறுத்திருப்பார். நாவலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வானொலிப் பேச்சுக்கும் இல்லை. பெட்டியின் குமிழ் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை நான் மறந்துவிடவில்லை.

இதை உணர்ந்திருப்பதனால்தான் எழுதத் தொடங்கும் இளைஞர்கள் முதற்பக்கத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். அச்சத்தில் அவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. சிலர் கீழ்வானம் சிவப்பதையும் பறவைகள் கூட்டைவிட்டுப் பறப்பதையும் வருணிக்கிறார்கள். சிலர் கதாநாயகனின் பாட்டனாரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இன்னும் சிலர், இவ்விரண்டும் பழமை என்று கேள்விப்பட்டு, நள்ளிரவில் ஓர் அலறலையோ, இரத்தம் தோய்ந்த கத்தியையோ முதல் வரியிலேயே வைத்துவிடுகிறார்கள். மூன்றாவது வழி மற்ற இரண்டையும்விடப் புதியதாகத் தோன்றலாம். உண்மையில் அதுதான் அதிக இடர் தருவது. யார் என்றே தெரியாத ஒருவர் குத்துப்பட்டு விழுந்தால் நமக்குத் திகைப்பு உண்டாகுமே தவிரத் துயரம் உண்டாகாது. திகைப்பு நான்கு பக்கம் தாங்காது. ஐந்தாம் பக்கத்தில் ஆசிரியர் இன்னொருவரைக் கொல்ல வேண்டிவரும்.

முதற்காட்சியின் வலிமை ஓசையில் இல்லை. அங்கே ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது; அது பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை; ஆனால் அப்போதே வேண்டியிருக்கிறது. அதை அவர் எப்படிக் கேட்கிறார், அல்லது கேட்க முடியாமல் எப்படித் தவிக்கிறார் என்பதிலிருந்து அவரை நாம் அறிந்துகொள்கிறோம். பின்னால் முந்நூறு பக்கங்களில் விரியப் போகிற கதை அந்தச் சிறு வேண்டுகைக்குள் மடிந்து கிடக்கிறது. வலிமையான தொடக்கம் என்று நான் கருதுவது இதைத்தான். எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட செம்மீன் என்ற மலையாள நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் உங்களிற் பலர் படித்திருப்பீர்கள். அந்த நாவல் கடலின் வருணனையோடு தொடங்கவில்லை. மீனவர்களின் வாழ்க்கை முறையைப் பற்றிய விளக்கத்தோடும் தொடங்கவில்லை. கடற்கரையில் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பேச்சின் நடுவிலே தொடங்குகிறது. கறுத்தம்மா என்ற மீனவப் பெண், தன் தகப்பன் தோணியும் வலையும் வாங்கப் போகிறார் என்ற செய்தியைப் பரீக்குட்டி என்ற இளம் முஸ்லிம் வியாபாரியிடம் சொல்லுகிறாள். வாங்குவதற்குப் பணம் போதவில்லை, நீ கொஞ்சம் தருவாயா என்று கேட்கிறாள். வாங்கினால் மீனை எனக்கே விற்பீர்களா என்று அவன் கேட்கிறான். நல்ல விலை கொடுத்தால் விற்போம் என்கிறாள். இதிலே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

என்ன நடந்திருக்கிறது பாருங்கள். வெளியே கேட்பது கடன் பேச்சு, மீன் விலைப் பேச்சு. உள்ளே ஓடுவது வேறொன்று. காரணமில்லாத அந்தச் சிரிப்புதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. காதல் என்ற சொல்லை ஆசிரியர் உச்சரிக்கவில்லை. உச்சரித்திருந்தால் காட்சி அந்த இடத்திலேயே நின்று போயிருக்கும். ஆனால் அதைவிடவும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தோணி, வலை, கடன் ஆகிய மூன்றும் பேச்சுக்கு ஒரு சாக்கு அல்ல. பிற்பாடு தகப்பன் செம்பன்குஞ்சு பரீக்குட்டியிடம் உதவி பெற்றே தோணி வாங்குகிறான். வாங்கியபின் கடனைத் தீர்க்கவில்லை. அந்த இளைஞனின் தொழில் நசிகிறது. கொடுக்கப்படாத கடன் கறுத்தம்மாவின் நெஞ்சில் பாரமாகி, அவள் வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் அவளை விடாமல் தொடர்கிறது. விளையாட்டாகக் கேட்ட ஒரு கேள்வி நாவல் முழுவதையும் இயக்குகிறது. கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலில் இருக்கும் கணவனைக் காக்கிறது என்ற மீனவர் நம்பிக்கையை ஆசிரியர் நமக்குச் சொல்லத்தான் வேண்டும். அதை அவர் சிரிப்புக்கு முன்னால் சொல்லவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு, தாய் தன் மகளை எச்சரிக்கும்போது சொல்லுகிறார். முன்னால் சொல்லியிருந்தால் அது ஒரு தகவல். பின்னால் சொல்லும்போது அது அச்சமாகிவிடுகிறது. வரிசையை மாற்றுவதனால் உண்டாகும் இந்த வேறுபாட்டை மாணவர்கள் ஒருமுறைக்கு இருமுறை படித்து உணர வேண்டும்.

இனி, நூறாண்டு முன்னே செல்வோம். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் என்ற தொடர்கதை தொடங்கிற்று. அதற்கு முன்பு அப்பத்திரிகையில் வேறோர் ஆசிரியரின் தொடர் வந்துகொண்டிருந்தது, அது சோபிக்கவில்லை, விற்பனை குறைந்தது. அந்த நெருக்கடியில்தான் டிக்கன்ஸ் தம்முடைய கதையை வாரத் தொடராகக் கொண்டுவந்தார். முதல் இதழிலேயே வாசகரைப் பற்றி நிறுத்த வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

காட்சி ஓர் இடுகாடு. சதுப்பு நிலத்தின் நடுவே, குளிர்ந்த மாலைப் பொழுது. பிப் என்ற சிறுவன் தன் பெற்றோரின் கல்லறை முன் நிற்கிறான். அவர்களை அவன் பார்த்ததே இல்லை; கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துகளின் வடிவத்தைக் கொண்டே தந்தை எப்படி இருந்திருப்பார், தாய் எப்படி இருந்திருப்பாள் என்று கற்பனை செய்துகொண்டிருக்கிறான். அப்போது கல்லறைகளின் இடையிலிருந்து ஒருவன் எழுகிறான். காலில் இரும்பு விலங்கு. தப்பி வந்த கைதி. சிறுவனைத் தலைகீழாகப் பிடித்து உதறிச் சட்டைப் பையில் இருந்ததை எடுத்துக்கொள்கிறான். உணவும் ஓர் அரமும் கொண்டுவரும்படி மிரட்டுகிறான்.

அலறலோடு தொடங்கும் கதையைக் குறை சொல்லிவிட்டு இதை ஏன் புகழ வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இதிலும் திகில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் திகில் வருவதற்கு முன்பே, எழுத்துகளைப் பார்த்துப் பெற்றோரைக் கற்பிக்கும் அந்தப் பிள்ளையை நாம் அறிந்துவிட்டோம். அவன் தலைகீழாகத் தொங்கும்போது நமக்குப் பதறுகிறது. அந்தக் கைதியோ வெறும் பூச்சாண்டி அல்ல, நடுங்குகிறான், பசித்திருக்கிறான். பசியும் காலில் விலங்கும்தான் அவனைக் கொடியவனாக்குகின்றன. அஞ்சுகிறவனும் அச்சுறுத்துகிறவனும் ஒருங்கே இரங்கத்தக்கவர்களாக இருக்கிறார்கள்.

இதற்குமேல் சொன்னால் கதையின் மறை வெளிப்பட்டுவிடும். படிக்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின் யாரோ ஒருவர் பிப்புக்குப் பெருஞ்செல்வம் அளித்து அவனைக் கனவானாக்குகிறார். ஊரிலுள்ள பணக்காரச் சீமாட்டிதான் அளித்தாள் என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். அளித்தவன் இடுகாட்டில் உணவு பெற்ற அந்தக் கைதியே. அன்று அறுக்கப்பட்ட கால்விலங்கும் நடுவில் ஒருமுறை மிகக் கொடியதொரு நிகழ்ச்சியில் திரும்ப வருகிறது. முதற்காட்சியில் வந்த பொருள்களில் வீணாகப் போனது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்த நாவலின் முடிவை டிக்கன்ஸ் நண்பர் ஒருவரின் யோசனையைக் கேட்டு மாற்றி எழுதினார் என்பது இலக்கிய வரலாறு அறிந்த செய்தி. முடிவை மாற்றினார், கதை தாங்கிக்கொண்டது. தொடக்கத்தை அப்படி மாற்றியிருக்க முடியுமா? அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

நம் நாட்டு மரபில் தொடக்கம் என்பது வேறு வகையாக இருந்தது. கம்பர் ஆற்றையும் நாட்டையும் நகரத்தையும் மூன்று படலங்களில் பாடிய பிறகுதான் அரசனிடம் வருகிறார். காப்பியத்துக்கு அது முறை, கேட்பவர்களுக்குக் கதை முன்பே தெரியும், அவசரம் இல்லை. 1879-இல் வெளியான பிரதாப முதலியார் சரித்திரத்தில் வேதநாயகம் பிள்ளை கதாநாயகனின் ஊர், குலம், பாட்டனார் என்று தொடங்கியது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே. முதல் தமிழ் நாவலை எழுதியவரிடம் அதற்காகக் குறை காண்பது நியாயமாகாது. நாவலைப் படிப்பது எப்படி என்றே அன்றைய வாசகர் இனித்தான் கற்க வேண்டியிருந்தது.

ஆயினும் பழைய மரபிலும் நாவலாசிரியன் கற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் முதற் காதை ஒரு திருமணத்தைக் காட்டுகிறது. திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் புகாரையும் போற்றிவிட்டு, இளங்கோவடிகள் நேரே மணவீட்டுக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். மங்கல மகளிர் மணமக்களை வாழ்த்துகிறார்கள். என்னவென்று? பிரியாமல் வாழ்க என்று. தழுவிய கை நெகிழாதிருக்க என்று. கேட்பவர் நெஞ்சில் அங்கேயே ஒரு முள் தைக்கிறது. பிரிவைப் பற்றிய கதையைப் பிரியாதிருக்க வேண்டும் என்ற வேண்டுகையோடு தொடங்கியிருக்கிறார் ஆசிரியர். வேண்டுகை ஒருவருடையதாக இல்லாமல் ஊராருடையதாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரை வாரந்தோறும் வெளிவந்த நெடுங்கதை. அதன் முதற்காட்சி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். ஆடிப் பதினெட்டாம் நாள், வீரநாராயண ஏரிக்கரை, குதிரையின்மேல் வல்லவரையன் வந்தியத்தேவன். விழாக் கோலமும் வெள்ளப் பெருக்கும் காட்சிக்கு அழகு தருகின்றன என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த இளைஞன் இளவரசன் ஆதித்த கரிகாலனின் தூதன். வழியில் வீண் சண்டைக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கையோடு அனுப்பப்பட்டவன். அவனோ வேடிக்கை பார்ப்பதிலும் வம்பில் தலையிடுவதிலும் இயல்பாகவே விருப்பம் உள்ளவன். ஏரிக்கரையின் கொண்டாட்டம் அவனை நிற்கச் சொல்கிறது. கடமை போகச் சொல்கிறது. சிறிது நேரத்தில் பழுவேட்டரையரின் ஆட்கள் வருகிறார்கள். மகிழ்ந்திருந்த மக்கள் ஒதுங்குகிறார்கள். சோழ நாட்டில் அரசர் ஒருவர், அதிகாரம் வேறொருவர் கையில் என்பதை ஒரு சொற்பொழிவு இல்லாமல் நாம் தெரிந்துகொள்கிறோம். ஏரி நிறைந்திருக்கிறது, நாட்டில் நிறைவு இல்லை. ஐந்து பாகங்களுக்கு வேண்டிய விதை அந்தக் கரையிலேயே விழுந்துவிட்டது. கல்கிக்கு வாசகரை நேரே விளித்துப் பேசும் வழக்கம் உண்டு. அதை மட்டும் பார்த்துப் பின்பற்றுகிறவர்கள் இந்த விதையை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் நம்முடைய சரித்திரக் கதைகளில் குதிரைகள் நிறைய ஓடுகின்றன. ஏன் ஓடுகின்றன என்பதுதான் விளங்குவதில்லை.

குதிரையும் வேண்டாம், கைதியும் வேண்டாம் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லலாம். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் பதேர் பாஞ்சாலி 1929-இல் நூலாக வந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு கிழவி கிண்ணத்திலிருந்து வறுத்த அரிசி மாவைத் தின்றுகொண்டிருக்கிறாள். ஒரு சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்துக்கும் வாய்க்கும் இடையே போய்வரும் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்க நா எழவில்லை. மாவு தீர்ந்துபோகிறது. அப்போதுதான் கிழவிக்கு நினைவு வருகிறது. ஐயோ, உனக்கு வைக்கவில்லையே என்கிறாள். பரவாயில்லை, நீ தின்னு என்கிறது குழந்தை. வறுமையைப் பற்றி எத்தனை புள்ளிவிவரம் கொடுத்தாலும் அந்தக் கிண்ணத்துக்கு ஈடாகுமா? நான் படித்த தொடக்கங்களுள் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பது அடுத்த கேள்வி. தாஸ்தாயெவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும் 1866-இல் வெளிவந்தது. கடும் வெயிற்காலத்து மாலையில் ரஸ்கோல்னிகோவ் என்ற ஏழை மாணவன் தன் மச்சறையிலிருந்து இறங்குகிறான். வாடகை பாக்கி; வீட்டுக்காரியின் சமையலறையைக் கடந்துதான் போக வேண்டும்; அவள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பூனைபோல் நழுவுகிறான். மனத்துக்குள்ளோ ஒரு பயங்கரமான எண்ணம். அது இன்னதென்று ஆசிரியர் பெயர் சொல்லவில்லை. போக வேண்டிய வீட்டுக்குச் சரியாக 730 அடி என்று அவன் முன்பே எண்ணி வைத்திருக்கிறான் என்பதை மட்டும் சொல்லுகிறார். பெரிய துணிவுக்குத் திட்டமிடுகிறவன் வீட்டுக்காரிக்கு அஞ்சுகிறான். இந்த முரண்பாடே அவனுடைய மனம்.

நம் இளம் எழுத்தாளர்கள் மர்மம் உண்டாக்குவதற்காகப் பாத்திரத்தின் பெயரையே நான்கு பக்கம் மறைக்கிறார்கள். யார் பேசுகிறார், எங்கே இருக்கிறார், பகலா இரவா என்று தெரியாமல் வாசகர் இருட்டில் தடவுகிறார். இது மறைப்பு அன்று, குழப்பம். தாஸ்தாயெவ்ஸ்கி படிக்கட்டையும் வெயிலையும் வாடகை பாக்கியையும் தெளிவாகக் காட்டிவிடுகிறார். மறைப்பது ஒன்றே ஒன்று, அவன் என்ன செய்யப் போகிறான் என்பது. அதையும் அவனே தனக்குள் சொல்லிக்கொள்ள அஞ்சுவதனால் மறைக்கிறார். பாத்திரம் மறைப்பதை ஆசிரியர் மறைக்கலாம். பாத்திரத்தின் கண்ணெதிரே இருப்பதை மறைப்பது வாசகரை ஏமாற்றுவதாகும்.

இவ்வளவு பொருத்தமான காட்சி முதல் நாளே பேனாவுக்கு வந்துவிடுமா? வராது. தாஸ்தாயெவ்ஸ்கி இந்த நாவலை முதலில், தன்மையில் பேசும் கதையாக எழுதினார். 1865-இன் இறுதியில் அதை எரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். போரும் அமைதியும் நாவலுக்கு டால்ஸ்டாய் எழுதிப் பார்த்த தொடக்கங்கள் ஏறத்தாழப் பதினைந்து. சைபீரியாவிலிருந்து மீண்டு வந்த ஒரு புரட்சிக்காரரை 1856-இல் காட்டத் தொடங்கிய அவர், அந்த மனிதரை அறிய 1825-க்குப் போனார். அதை விளக்க 1812-க்குப் போனார். கடைசியில் 1805-ஆம் ஆண்டு ஒரு மாலை விருந்தில் கதையைத் தொடங்கினார். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் அத்தியாயத்தைச் செம்மை செய்துகொண்டே ஆண்டுகளைக் கழித்து, இரண்டாம் அத்தியாயத்தை எழுதாமலே விட்டுவிட்ட திறமைசாலிகள் நம்மிடையே அநேகர். கதை முழுவதும் தெரியாதபோது அதன் விதை எது என்று எப்படித் தெரியும்? ஒரு தற்காலிகத் தொடக்கத்தை எழுதிக்கொண்டு மேலே செல்லுங்கள். கடைசி அத்தியாயம் முடிந்த அன்று திரும்பி வாருங்கள். பெரும்பாலும், நீங்கள் மூன்றாவது அத்தியாயம் என்று எழுதியதே உண்மையான முதல் அத்தியாயமாக இருக்கும். முன்னிரண்டும் நீங்கள் கதையை அறிந்துகொள்வதற்காக எழுதிக்கொண்ட குறிப்புகளாக இருக்கும்.

ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. காவிரிக் கரையிலிருந்த ஊர்கள் நீரில் மூழ்கின. அணையில் நீர் வற்றும் காலங்களில் பழைய நந்திச் சிலையும் ஒரு கிறித்தவக் கோயிலின் கோபுரமும் இன்றும் வெளியே தெரிவதுண்டு. அப்படி ஊரைவிட்டுப் பெயர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி நாவல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அணை கட்டப்பட்ட வரலாற்றோடு தொடங்கலாம், அது பாடநூலாகும். நள்ளிரவில் வெள்ளம் புகுந்து மக்கள் ஓடுவதாகத் தொடங்கலாம். அணை நீர் அப்படி ஏறாது, மெல்ல மெல்லத்தான் ஏறும். ஆகவே அது பொய்யாகும்.

வேறு விதமாக எண்ணிப் பாருங்கள். காலை நேரம். வாசலில் வாடகை வண்டி நிற்கிறது. தட்டுமுட்டுச் சாமான்கள் ஏறிவிட்டன. தகப்பனார் உளியும் சுத்தியலுமாக நிலைக்கதவைக் கழற்ற வருகிறார், நல்ல தேக்கு, புதிய இடத்தில் வாங்க முடியாது. தாய் கதவில் கை வைத்து நிற்கிறாள். இன்று ஓர் இரவு கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டு நாளைக்குக் கழற்றலாமே என்கிறாள். வண்டி இன்றைக்குத்தான் கிடைக்கும் என்கிறார் அவர். மகன் இருவர் முகத்தையும் பார்க்கிறான். வண்டிக்காரன், மாடு வெயிலில் நிற்கிறது என்று குரல் கொடுக்கிறான்.

அணையின் பெயரையோ சர்க்கார் கொடுத்த ஈட்டுத் தொகையையோ நாம் இன்னும் சொல்லவில்லை. அவையெல்லாம் வேண்டும்போது வந்து சேரும். தாய்க்கு வேண்டியது ஓர் இரவு. தந்தைக்கு வேண்டியது ஒரு கதவு. இருவரும் சரியாகவே பேசுகிறார்கள். இருவருக்கும் ஒரே வண்டி. மகன் என்ன செய்தான் என்பதோடு காட்சியை முடித்துவிடுங்கள். அந்தக் கதவு புது வீட்டின் நிலைக்குப் பொருந்திற்றா என்பதை இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்துக்கொள்ளலாம்.